தேடுவோர் சொல்லே திறவுகோல்

ஊர் புதிது, மொழி புதிது. அந்நிலையில் வழி வினவுவோருக்குத் துணையாவது ஒரு சொல்லே. மும்பையின் தாதர் நிலையத்தில் வந்திறங்கிய நம் முன்னோர் பலர், தாம் சேர வேண்டிய இடத்தின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் பற்றியிருந்தனர் என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல் சரியாக இருந்தால் அன்றிரவே உறவினர் வீட்டில் ஒரு பிடி சோறு கிடைத்தது. பிழையாக இருந்தால் ஊரெல்லாம் அலைய நேர்ந்தது.

இன்று நாம் வழி வினவுவது பெரும்பாலும் மனிதரிடம் அன்று, கைப்பேசியிடம். மருத்துவர் வேண்டுமா, வாடகை வீடு வேண்டுமா, பிள்ளைக்கு வீணை ஆசிரியர் வேண்டுமா, இரண்டு மூன்று சொற்களைத் தட்டிவிட்டு விடைக்குக் காத்திருக்கிறோம். கருவி மாறினும் பழைய விதி மாறவில்லை. வினவுவோர் சொல்லும் விடை வைத்திருப்போர் சொல்லும் ஓரிடத்திற் சந்திக்க வேண்டும். சந்தியாவிடின், அடுத்தடுத்த தெருவில் வாழ்வோரும் ஒருவரை ஒருவர் காணார். இதற்குச் சான்றாக நான் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறி மேற்செல்கிறேன்.

நொறுங்கி வந்த பருப்புத் தேங்காய்

செம்பூரில் எங்கள் வீட்டிற்கு அருகில் ஓர் அம்மையார் வாழ்கிறார். கணவர் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், குடும்பச் செலவுக்குத் துணையாகக் கைமுறுக்கு, தேன்குழல், அதிரசம், திருமணச் சீர் பட்சணங்கள் ஆகியவற்றை வீட்டிலேயே செய்து விற்று வருகிறார். அவருடைய கைப்பக்குவத்தை அறிந்தவர் வேறு இடம் நாடார். ஆனால் அறிந்தவர் தொகை சிறிது. ஆதலின் பெங்களூரில் கணிப்பொறித் துறையிற் பணியாற்றும் மகன், தாயின் தொழிலுக்கென ஒரு வலைத்தளம் அமைத்துக் கொடுத்தார்.

தளம் பார்வைக்கு மிக அழகியது. ‘மரபின் சுவை, மனத்தின் மகிழ்ச்சி’ எனும் பொருள்பட ஆங்கிலத் தொடர் ஒன்று முகப்பிற் பொன்னிறத்தில் ஒளிர்ந்தது. பண்டங்களின் பெயர்களோ படங்களுக்குள்ளே எழுதப்பட்டிருந்தன. ‘முறுக்கு’ என்ற சொல்லும் ‘செம்பூர்’ என்ற சொல்லும் அப்பக்கத்தின் எழுத்தில் ஓரிடத்தேனும் இல்லை. ஓராண்டு கழிந்தும் அயலார் ஒருவர்கூட அதன் வழியாக வரவில்லை.

அவ்வாண்டு தை மாதம் அதே செம்பூரில் ஒரு திருமணம். மணமகள் வீட்டார் பருப்புத் தேங்காய் செய்து தருவோரை இணையத்திற் பல நாள் தேடினர், அகப்படவில்லை. முடிவில் சென்னையிலிருந்து உறவினர் மூலம் புகைவண்டியிலே தருவித்தனர். இரண்டு கூம்புகளும் வழியிலேயே நொறுங்கிவிட்டன. முகூர்த்தத்திற்கு முதல் நாள் மாலை பெட்டியைத் திறந்து பார்த்த தாயின் முகம் வாடியதைச் சொல்ல வேண்டுவதில்லை. மணமகன் வீட்டாரின் அழைப்பின்பேரில் அங்கு வந்திருந்த அம்மையார் செய்தி அறிந்து, “அடடா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறேன்” என்றார். “நீங்கள் செய்வது எங்களுக்கு எப்படி மாமி தெரியும்? தேடித் தேடிப் பார்த்தோமே!” என்றார் மணமகளின் தாய்.

ஒருபால் பொருளை வைத்துக்கொண்டு வாங்குவோரை எதிர்நோக்கியவர். மறுபால் பணத்தை வைத்துக்கொண்டு பொருளைத் தேடியவர். இருவரையும் பிரித்து வைத்தது இரண்டு தெருத் தொலைவு அன்று. எழுதப்படாத ஒரு சொல்.

தேடுபொறி என்னும் நூலகர்

தேடப்படும் இச்சொல்லைத்தான் ஆங்கிலத்தில் ‘கீவேர்டு’ என்பர். தமிழில் திறவுச்சொல் என வழங்குகிறோம். அது கதவைத் திறக்குமாறு எங்ஙனம் எனக் காண்போம்.

கூகுள் முதலிய தேடுபொறிகள், நாம் கேட்ட பிறகு உலகெங்கும் ஓடித் தேடுவன அல்ல. அவற்றின் தானியங்கு நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்புகளைப் பற்றிக்கொண்டு இடையறாது சென்று, கண்ட பக்கங்களைப் படித்து, ஒரு பேரகராதியில் முன்னரே குறித்து வைக்கின்றன. பெரிய நூலின் கடைசியில் ‘இச்சொல் இன்ன இன்ன பக்கங்களில்’ என்று அகரவரிசையிற் காட்டியிருப்பார்களே, அதனைப் போன்றது அது. நாம் ஒரு சொல்லைத் தட்டியவுடன் அவ்வகராதியைப் பார்த்து, பொருந்தும் பக்கங்களைத் தரப்படுத்தி நம்முன் அடுக்குகிறது. 1998-ஆம் ஆண்டு லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை சுட்டுகின்றன என்பதையும் அதன் தகுதிக்கு அளவுகோலாகக் கொண்டனர். இன்று அளவுகோல்கள் பல. ஆயினும், பக்கத்தில் இல்லாத செய்தியை எப்பொறியும் அகராதியில் ஏற்ற இயலாது.

இந்நெறி நம்மவருக்குப் புதியதன்று. 1892-இல் சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களை நாம் அறிவோம். அவரும் நம்மைப் போல ஊர் பெயர்ந்து வாழ்ந்தவரே; காசியிலும் தில்லியிலும் பணிபுரிந்து, பெங்களூரில் 1972-இல் மறைந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகம் போற்றுகிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் காலத்தை வீணாக்காதே. இம்மூன்றும் அவ்வைந்தனுள் அடங்கும். வாசகர் எந்தச் சொல்லோடு நூலகத்திற்குள் நுழைகிறாரோ, அந்தச் சொல்லிலிருந்தே அவரை உரிய அலமாரிக்கு அழைத்துச் செல்லும் குறிப்பகராதி முறையையும் அவர் வகுத்தார். திறவுச்சொல்லின் தத்துவம் முழுவதும் இதுவே. நம் தளத்திற்குக் கூட்டம் சேர்க்கும் தந்திரம் என்று அதனைக் கொள்வது பிழை. தேடுகின்றவரின் காலத்தைக் காக்கும் உதவி என்று கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

விற்போர் சொல்லும் தேடுவோர் சொல்லும்

ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டு என்பதை நிகண்டு கண்ட மொழியினருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திவாகர நிகண்டின் முதற்பத்துத் தொகுதிகளும் பெயர்களின் தொகுப்பே. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கோ பெயர்கள் இன்னும் பெருகுகின்றன. நாம் அப்பளம் என்பதை அண்டை வீட்டார் பாப்பட் என்கின்றனர். நாம் முறுக்கு என்பதனோடு ஒத்ததை மராட்டியர் சக்லி என்கின்றனர். ஆங்கில எழுத்தில் எழுதும்போதோ ‘இட்லி’யின் ஈற்றில் ‘ஐ’ இடுவோரும் உளர். ‘ஒய்’ இடுவோரும் உளர். இந்நகரின் பெயர் 1995-இல் மும்பை என மாறியும், பம்பாய் என்று தட்டும் விரல்கள் ஓயவில்லை.

இவை அனைத்தையும் அடுக்கி எழுத வேண்டுமோ எனின், வேண்டா. எழுத்துப் பிழைகளையும் நெருங்கிய பொருளுடைய சொற்களையும் இன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் தாமே அறிந்துகொள்கின்றன. ஆனால் அப்பளம் விற்பவர், ‘அப்பளம் (தென்னிந்திய உளுந்துப் பாப்பட்)’ என ஓரிடத்தில் இயல்பாக விளக்கிவிடுவது, தமிழறியாத வாசகருக்கும் பொறிக்கும் ஒருங்கே உதவும்.

இங்கு மனத்தை உறுத்தும் ஒரு வினா எழுகிறது. வடபுலத்திற் பலர் நம் அனைவரையும் ‘மதராசி’ என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். அவர்களுள் சிலர் அச்சொல்லையே இட்டுத் தேடவும் கூடும். வாணிகத்தின் பொருட்டு நாமும் அப்பெயரைப் பூண வேண்டுமோ? வேண்டா என்பதே என் கருத்து. ‘தென்னிந்திய’ என்ற சொல்லை எல்லாரும் அறிவர், எல்லாரும் தேடுகின்றனர். அதனோடு ‘தமிழ்நாட்டு’ என்றும், இயன்றால் ‘தஞ்சாவூர்’, ‘திருநெல்வேலி’ என்றும் சேர்த்து எழுதினால், வந்தவர் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டும் செல்வர். தேடுவோர் சொல்லை மதிப்பது வேறு. நம் பெயரை இழப்பது வேறு.

மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். ‘முறுக்கு’ என்று ஒரு சொல்லை மட்டும் தட்டுபவர், அதனைச் செய்யும் முறையை விரும்பலாம், படத்தை விரும்பலாம், வாங்கவும் விரும்பலாம். அவ்வொரு சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களும் சமையற் குறிப்புத் தளங்களும் ஆயிரக்கணக்கிற் போட்டியிடும். அங்கே நம் வீட்டுத் தொழில் முன்வரிசையில் நிற்பது அரிது. ஆனால் ‘செம்பூரில் திருமணச் சீர் முறுக்கு விலை’ என்று தட்டுபவர் யார்? வீட்டில் மணநாள் குறித்தவர். கையில் பட்டியலோடு இருப்பவர். அவ்வாறு தேடுவோர் மாதத்தில் ஒரு சிலரே ஆயினும், அவர்கள் வாங்கவே வருகின்றனர். சிறு தொழிலுக்கு உரியவை இத்தகைய நீண்ட தொடர்களே. நூறு பேர் எட்டிப் பார்த்துச் செல்வதினும், நால்வர் வந்து வாங்கிச் செல்வது நன்று.

சொல்லைக் கண்டறியும் வழி

முதல் வழி செலவற்றது. வாடிக்கையாளர் தொலைபேசியிற் கேட்கும் முதல் வாக்கியத்தை ஒரு குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தல். ‘மாமி, சீமந்தத்துக்குச் சீர் செய்து தருவீர்களா?’ என்று கேட்டால், ‘சீமந்தம்’ என்பது ஒரு திறவுச்சொல். ‘ஆர்டர் எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்டால், அதற்குரிய விடை தளத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் வழி, தேடற்பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி நிறுத்துதல். பிறர் தேடிய தொடர்கள் கீழே விரியும். விடைப் பக்கத்தின் அடியிலும் தொடர்புடைய தேடல்கள் காணப்படும்.

மூன்றாவது, 2006 முதல் வழங்கும் ‘கூகுள் டிரெண்ட்ஸ்’. ஒரு சொல் எந்த மாநிலத்தில், எந்தப் பருவத்தில் மிகுதியாகத் தேடப்படுகிறது என்பதை அது கோடிட்டுக் காட்டும். கோகுலாஷ்டமிக்குச் சீடையும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையும் தேடப்படுதல் இயல்பு. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு பக்கம் எழுதினால் பயன் இல்லை; தேடுபொறி அதனைக் கண்டு அகராதியில் ஏற்றவே நாள் ஆகும். சில வாரங்கள் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும்.

நான்காவது, தளமுடையார்க்கு இலவசமாய்க் கிடைக்கும் ‘கூகுள் சர்ச் கன்சோல்’. எந்தச் சொற்களைத் தட்டியவர் கண்முன் நம் பக்கம் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பனவற்றை அது கணக்காகத் தருகிறது. பன்முறை தோன்றியும் எவரும் வாராத சொல் இருப்பின், நம் தலைப்பு அவர்களை ஈர்க்கவில்லை என்பது பொருள்.

சொல்லை வைக்கும் இடம்

கண்டறிந்த சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் இறைத்தல் ஆகாது. பக்கத்தின் தலைப்பு முதன்மையானது. தேடுவோர் முதலிற் காண்பது அதுவே. ‘மரபின் சுவை’ என்பதினும் ‘பருப்புத் தேங்காய், திருமணச் சீர் பட்சணங்கள் – செம்பூர், மும்பை’ என்பது ஆயிரம் மடங்கு சிறந்தது. அடுத்து, உள்தலைப்பு, பின்னர் முதற்பத்தி. படங்களுக்கு எழுத்தால் ஒரு சிறு விளக்கம் இணைத்தல் வேண்டும். பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவிகளுக்கும் அது பயன்படும். விடைப் பட்டியலில் தலைப்பின் கீழே தோன்றக்கூடிய இரண்டு வரிச் சுருக்கம், தரவரிசையை உயர்த்தாவிடினும் வாசகரை உள்ளே அழைக்கும்.

ஒரு பக்கத்திற்கு ஒரு பொருள் என்பது நல்ல முறை. சீர் பட்சணத்திற்கு ஒரு பக்கம்; பண்டிகைப் பட்சணத்திற்கு ஒரு பக்கம். அவ்வாறே தமிழில் ஒரு பக்கம், இந்தியிலோ மராட்டியிலோ ஒரு பக்கம் எனத் தனித்தனியே அமைத்தல் நன்று. இரு மொழிகளையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிறுத்தினால் வாசகரும் பொறியும் ஒருங்கே மயங்குவர். வீட்டிலிருந்து தொழில் செய்வோர், கூகுள் நிலப்படத்திலும் தம் தொழிலைப் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே உண்மையான பெயரை மட்டும் தருக. பெயரோடு பண்டங்களையும் ஊர்களையும் ஒட்டி நீட்டுவது விதிக்கு மாறு, பதிவே நிறுத்தப்படலாம்.

குறுக்கு வழியின் கேடு

திருமண வீட்டு நிகழ்ச்சிக்குப் பின், அம்மையாரின் கணவர் ஒரு தரகரை நாடினார். ஒரு மாதத்தில் முதலிடம் என்பது அத்தரகரின் உறுதிமொழி. ஓய்வூதியத்திலிருந்து பணம் கைமாறியது. தரகர் செய்தது என்ன? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால், மனிதர் கண்ணுக்குப் புலப்படாதவாறு, ‘இனிப்பு, முறுக்கு, மும்பை, புனே, தில்லி’ என நூற்றுக்கணக்கான சொற்களை நிரப்பினார். சில வாரங்களில், கடையின் சொந்தப் பெயரைத் தட்டினாலும் அத்தளம் தோன்றாதாயிற்று. தரகரின் தொலைபேசியும் மௌனமாயிற்று.

இத்தகைய சூழ்ச்சிகளுக்குக் காலம் கடந்துவிட்டது. திறவுச்சொற்களுக்கென ஒதுக்கிய மறைகுறியைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை என 2009-இலேயே கூகுள் அறிவித்தது. 2011-இல் ‘பாண்டா’ எனவும் 2012-இல் ‘பெங்குவின்’ எனவும் பெயர் பெற்ற மாற்றங்கள், உள்ளீடற்ற பக்கங்களையும், சொற்களைத் திணித்த பக்கங்களையும், விலைக்கு வாங்கிய இணைப்புகளையும் கீழே தள்ளின. முதலிடத்தை எவரும் உறுதியளிக்க இயலாது என்று அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஆதலின், உறுதி கூறுவோர் எவராயினும் நம் பணத்தை அவர் கையிற் கொடாதிருத்தல் அறிவுடைமை.

பின்னர் மகன் விடுப்பில் வந்து, ஒளித்த சொற்களை எல்லாம் நீக்கினார். தாயும் மகனும் குறிப்பேட்டை எதிரில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புதிதாக எழுதினர். பருப்புத் தேங்காய் எத்தனை அளவுகளில் கிடைக்கும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், கெடாமல் எவ்வளவு நாள் இருக்கும், நொறுங்காமல் கொண்டுசெல்லக் கட்டும் முறை யாது என்பனவெல்லாம் தாயின் வாய்மொழியாகவே இடம்பெற்றன. பல மாதங்கள் பொறுத்திருந்தனர். வெள்ளம் போலக் கூட்டம் வந்தது என்று நான் சொல்லேன். வாரத்திற்கு இருவர் மூவர் அழைக்கின்றனர். ஆனால் அழைப்போருட் பலர் வாங்குகின்றனர். அண்மையில் டோம்பிவிலியிலிருந்து வந்த ஒருவர், ‘நொறுங்காமல் கட்டித் தருவதாக எழுதியிருந்தீர்களே, அதனால்தான் வந்தேன்’ என்றாராம்.

2024 முதல் இந்தியாவிலும், தேடுபொறியே செயற்கை நுண்ணறிவின் துணையால் விடையைத் தொகுத்து மேலே காட்டும் வழக்கம் வந்துள்ளது. எங்கும் கிடைக்கும் செய்தியை எழுதிய பக்கங்களுக்கு இதனால் வருவோர் குறையக்கூடும். கைப்பட்டறிந்த செய்தியை எழுதுவோர்க்கோ, அதுவே இன்றும் நல்ல துணை.

நம் வாயிலையும் பார்ப்போம்

பிறர் தளத்தைப் பேசினோம். நம் சங்கங்களின் தளங்களையும் சற்று நோக்குவோம். ‘மொழிப் பணி’, ‘பண்பாட்டுச் செயற்பாடுகள்’ என்று எழுதியிருக்கிறோம். நேற்று இந்நகருக்கு மாற்றலாகி வந்த இளந்தாய் ஒருத்தி அவ்வாறா தேடுவாள்? ‘குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு’ என்று, அதுவும் பலகால் ஆங்கில எழுத்தில், தன் வட்டாரத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுவாள். அந்தச் சொற்களும், வகுப்பு நடைபெறும் கிழமையும் நேரமும் இடமும் நம் பக்கத்தில் இல்லையாயின், வகுப்பு இல்லை என்றே எண்ணி அவள் கைப்பேசியை மூடிவிடுவாள். பிள்ளை வராத வகுப்பு எத்தனை நாள் நடைபெறும்? தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வதற்கு நம் அழகிய தலைப்பு ஒரு காரணமாகிவிடலாகாது.

ஆகவே, அன்பர்களே, அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வரும் பத்துப் பேரிடம், ‘எங்களைத் தேட வேண்டுமாயின் என்ன சொல்லைத் தட்டுவீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவரிடம் முதலிற் கேளுங்கள். தொழில் செய்வோர் தம் வாடிக்கையாளரிடமும் அவ்வாறே கேட்க. அவர்கள் நாவில் எழும் சொல்லை நம் வாயிலில் எழுதி வைப்போம். அன்று துண்டுத் தாளோடு வந்து வழி வினவியவருக்கு, நின்று விடை கூறிய நல்லோர் ஒருவர் இருந்தார். இன்று அந்த இடத்தில் நாம் நிற்கிறோம்.